சாம்பிராணிப் புகையும் மூளையின் பூட்டும்
(போடிநாயக்கனூரில் பேசியதன் சாரம்)



போடிக்கு வந்து ஏலக்காயைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் நம்மை விடமாட்டீர்கள். ஆகவே அதிலிருந்தே ஆரம்பிக்கிறோம். காயைத் தரம் பிரிக்கும் தாய்மார்களின் சேலையில்கூட அதன் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த வாசனை என்பது என்ன? சினியோல், டெர்பினைல் அசிடேட் முதலிய சரக்குகளின் மூலக்கூறுகள் காற்றில் வந்து, மூக்கின் மேல்புறத்து நரம்பு நுனியிலுள்ள ஏற்பிகளில், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்துவதுதான். மனிதனுக்கு இத்தகைய பூட்டுகள் சுமார் 400 வகை உண்டு.

பொருந்தியவுடன் அந்த நரம்பு மூளைக்குச் சேதி சொல்ல வேண்டுமல்லவா? அதற்காக அது கக்குகிற சரக்கு குளுட்டமேட். மூளை முழுவதிலுமே ஒரு நரம்பு இன்னொன்றை எழுப்புவதற்குப் பெரும்பாலும் இதைத்தான் உபயோகிக்கிறது. இதை வாங்கிக்கொள்ளும் பூட்டுகளில் ஒன்றுக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். ஞாபகசக்திக்கும் புத்தித் தெளிவுக்கும் அது வேண்டும்.

இனி சாம்பிராணிக்கு வருவோம். அந்தப் பிசினின் அமிலத்திலிருந்து 1833 இல் மிட்செர்லிக் என்ற ஜெர்மானியர் ஒரு திரவத்தை வடித்தார். பிசினுக்கு ஐரோப்பாவில் வழங்கிய பென்சாயின் என்ற பெயரிலிருந்தே அதற்குப் பென்சீன் என்ற பெயர் வந்தது. பென்சீன் வளையமுள்ள பொருள்களுக்கெல்லாம் ரசாயனிகள் ‘வாசனைச் சரக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் ஏலக்காயின் சினியோலுக்கு அந்த வளையம் இல்லை. வாசனைக்காக யாரும் தேடாத கெட்டமின் என்ற மயக்க மருந்துக்கு உண்டு!

1962 இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட அந்தக் கெட்டமின் ஊசி வழியாக மூளைக்குப் போய், என்.எம்.டி.ஏ. ஏற்பியின் நடுத்துவாரத்தை அடைத்துக்கொள்ளுகிறது. உடனே வலி தெரிவதில்லை. உடம்பைவிட்டு வெளியே மிதந்ததாகவும், இல்லாததைக் கண்டதாகவும் சிலர் சொல்லுகிறார்கள். ஆத்மா வெளியூர் போய் வந்தது என்பீர்களா? மருந்து இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடுகிறதே!

இந்தப் பூட்டை நம் உடம்பே கெடுத்துக்கொள்வதும் உண்டு. நோயை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் தவறிப்போய் இந்த ஏற்பிகளைப் பற்றி, நரம்பின் மேற்பரப்பிலிருந்து அப்புறப்படுத்திவிடுகின்றன. 2007 இல் டல்மாவும் அவரது கூட்டாளிகளும் இதைக் கண்டு சொன்னார்கள். நன்றாயிருந்த பெண் திடீரென்று கத்துகிறாள், இல்லாதவரோடு பேசுகிறாள், வாய் கோணுகிறது, வலிப்பு வருகிறது, பிறகு பேச்சே நின்றுவிடுகிறது. நம் ஊரில் இதற்கு என்ன செய்வார்கள்? கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கையடித்து, வேப்பிலையால் அடித்து, முகத்தில் சாம்பிராணிப் புகை போடுவார்கள். புகை மூக்கின் பூட்டைத்தான் தொடும். எதிர்ப்பொருளை அது என்ன செய்யும்?

2013 இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் இந்நோய் கண்ட 577 பேரில் ஐந்தில் நாலு பேர் பெண்கள். சிலருக்குச் சினைப்பையில் கட்டியிருந்தது. கட்டியை எடுத்தும், ஸ்டீராய்டு முதலிய மருந்து கொடுத்தும் வைத்தியம் செய்ததில், தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர் இரண்டு வருஷத்துக்குள் நன்றாகத் தேறினார்கள். சீக்கிரம் வைத்தியம் ஆரம்பித்தவர்களே அதிகம் தேறினார்கள்.

சாமியாடுகிறவர்களுக்கெல்லாம் இந்த வியாதி என்று நாம் சொல்லவில்லை. ஆடிவிட்டு வந்து சோறு கேட்கிறவருக்கு வைத்தியம் வேண்டியதில்லை! ஆனால் சில நாளில் புத்தி மாறி, வலிப்பும் கண்டால், கோடாங்கி வீட்டுக்குப் போகிற வண்டியை க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள். முதுகுத்தண்டு நீரில் இந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.