எந்த உடம்புக்கு எந்த யோகம்?



1938-இல் எடுத்த மௌனப் படம் ஒன்று இன்றும் காணக் கிடைக்கிறது. மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சார்யா அதில் இருக்கிறார். அவர் மனைவியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கூடவே, மெலிந்த இளைஞர் ஒருவர் ஓர் ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகிறார். அவர்தான் பி.கே.எஸ். ஐயங்கார். பிற்காலத்தில் ஒரே ஆசனத்தில் அசையாமல் நிற்கச் சொல்லிக் கொடுத்தே உலகப் புகழ் பெற்றவர்!

அந்தத் தாவல் எப்படி நின்றது என்று பார்த்தால், இன்று தெருவுக்குத் தெரு தொங்கும் பலகைகளில் அஷ்டாங்கம், ஐயங்கார், வின்யாசம், பிலாட்டீஸ் என்று படிக்கிறோமே, அந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

1930-களில் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சார்யா நடத்திய யோகசாலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள். துள்ளுகிற வயது. அவர்களுக்கு அவர் கொடுத்தது, மூச்சோடு சேர்ந்து ஓடுகிற பயிற்சி. அதை அப்படியே காப்பாற்றி வைத்தவர் அவர் மாணவர் பட்டாபி ஜோயிஸ். அதுதான் அஷ்டாங்க வின்யாசம். சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி, மாறாத வரிசையில் ஆசனங்கள். தொண்டையில் மெல்ல உரசி வரும் உஜ்ஜாயி மூச்சு. சட்டை நனைகிற வியர்வை. ஆசிரியர் எண்ணிக்கை சொல்லாத நாட்களில், மாணவர் அவரவர் வேகத்தில் செய்வார். ஆசிரியர் நடந்துகொண்டே திருத்துவார். இருபது வயதுக்காரருக்கு இதைவிட நல்ல பயிற்சியைச் சொல்வது கடினம். ஐம்பது வயதில், தோளில் ஏற்கெனவே வலி இருப்பவருக்கு, அதில் திரும்பத் திரும்ப வரும், மடக்கிய கைகளில் உடம்பைத் தாங்கும் சதுரங்க தண்டாசனம் ஒன்றே போதும், வைத்தியரிடம் அனுப்ப.

ஐயங்காரின் கதை வேறு. கிருஷ்ணமாச்சார்யா அவருடைய அக்காவின் கணவர். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று படுத்துப் படுத்து எழுந்த பிள்ளை அவர். 1937-இல் பதின்ம வயது முடிவதற்குள் கற்பிப்பதற்காகப் புனேவுக்கு அனுப்பப்பட்டார். பக்கத்தில் குரு இல்லை. தம் உடம்பையும், எதிரே நின்ற மாணவர் உடம்பையும் பார்த்துத்தான் மேலே கற்க வேண்டியிருந்தது. திரிகோணாசனத்தில் கை தரையைத் தொடவில்லையா? ஒரு மரக்கட்டையை வை. கால் நீளவில்லையா? ஒரு பட்டையை மாட்டி இழு. நாற்காலி, தலையணை, சுவரில் கயிறு என்று சாதாரணப் பொருள்களெல்லாம் அவர் வகுப்பில் கருவிகளாயின. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1952-இல் அவரைச் சந்தித்த பிறகு மேல்நாட்டுக் கதவு திறந்தது. 1966-இல் வந்த அவருடைய ‘லைட் ஆன் யோகா’ நூல் அதை அகலத் திறந்துவிட்டது. முழங்கால் எங்கே, குதிகால் எங்கே, தோள்பட்டை எங்கே என்று இவ்வளவு கறாராகப் பார்க்கிற வழி வேறு இல்லை. கூன் விழுந்த முதுகுக்கும் கம்ப்யூட்டர் முன் இறுகிப்போன கழுத்துக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வகுப்பில் ஆசிரியரின் அதட்டலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது கிளை நம் சென்னையில் முளைத்தது. மைசூர் யோகசாலை மூடிய பிறகு, 1950-களில் கிருஷ்ணமாச்சார்யா இங்கே வந்தார். அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அவரிடம் வந்தவர்களும் துள்ளும் பையன்கள் அல்லர், நோயாளிகள். பொறியியல் படித்துவிட்டு வந்த மகன் தேசிகாச்சார் ஒரு நாள் வாசலில் கண்ட காட்சியைச் சொல்லியிருக்கிறார். காரிலிருந்து இறங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஓடிவந்து, ஆசாரம் தவறாத அவர் தந்தையைக் கட்டிக்கொண்டாராம். நெடுநாள் தூக்கமில்லாமல் தவித்தவர், மருந்தில்லாமல் தூங்கிவிட்டார்! வேலையை விட்டுவிட்டு மகன் தந்தையிடம் பாடம் கேட்க உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். 1976-இல் தேசிகாச்சார் தொடங்கிய நிலையம்தான் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம்.

இந்த வழியில் வியர்வை இல்லை, வேடிக்கை இல்லை. கையைத் தூக்கும்போது மூச்சை இழு, இறக்கும்போது விடு. நான்கு முறை செய், இளைப்பாறு. முழங்கால் மடங்காதவருக்கு நாற்காலியிலேயே பாடம். ஒருவருக்குக் கொடுத்த பயிற்சியை அடுத்தவருக்கு அப்படியே கொடுப்பதில்லை. புகைப்படத்துக்கு ஏற்றதல்ல என்பதால் பேர் குறைவு. ஆனால் நாற்பது கடந்த, ரத்த அழுத்த மாத்திரை போடுகிற, உடம்பு வளையாத நம்மில் பலருக்கு இதுவே பொருத்தம் என்பது என் கணிப்பு.

ஆக, மூவரும் ஒரே குருவிடம் கற்றார்கள். ஆனால் மூன்று வெவ்வேறு தேவைகளோடு. பத்தமடையில் பிறந்த மருத்துவர் சிவானந்தர் ரிஷிகேசத்தில் வளர்த்த மரபு தனி. பிராணாயாமம், பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள், நடுநடுவே சவாசனம் என்று நிதானமாகப் போவது. நாற்பது டிகிரிக்குச் சூடேற்றிய அறையில் செய்யும் ஹாட் யோகாவைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. சித்திரை மாதத்தில் வேலூரில் இருப்பவர் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா?

இனி பிலாட்டீஸ். அது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ், 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஐயங்காரைப் போலவே நோஞ்சான் பிள்ளை, ஆஸ்துமா வேறு. உடற்பயிற்சியால் தேறி, குத்துச்சண்டை பழகி, இங்கிலாந்து போனார். முதல் உலகப் போர் வந்ததும் எதிரி நாட்டுக்காரர் என்று மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கே உடன் இருந்தவர்களுக்குத் தரையில் கிடந்தபடியே பயிற்சி கொடுத்தார். படுக்கையிலிருந்த நோயாளிகளுக்குக் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டினார் என்பது அவர் வழிவந்தவர்கள் சொல்லும் கதை. 1926 வாக்கில் நியூயார்க் போய், துணைவி கிளாராவுடன் எட்டாவது அவென்யூவில் கூடம் வைத்தார். காலில், முதுகில் அடிபட்ட நடனக்காரர்கள் தேடி வந்தார்கள். நடன மேதைகள் ஜார்ஜ் பாலன்சினும் மார்த்தா கிரகாமும்கூட அவரை நாடினார்கள்.

அவருடைய ‘ஹண்ட்ரட்’ என்ற பயிற்சியைப் பாருங்கள். மல்லாந்து படுத்து, தலையும் காலும் சற்றே உயர, கைகளை மேலும் கீழும் தட்டியபடி ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும், ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று, மொத்தம் நூறு. வயிறு முழுதும் வேலை செய்வது இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிடும். முதுகெலும்பைச் சுற்றியுள்ள உள்தசைகளை வலுவாக்குவதே இதன் நோக்கம். ரிஃபார்மர் எனும் ஸ்பிரிங் பலகைக் கருவியில் செய்தால் சுகம்தான், கட்டணம் அதிகம். தரைவிரிப்பு போதும். பிள்ளை பெற்ற பின் வயிற்றுத் தசை தளர்ந்தவர்களுக்கு, மருத்துவர் அனுமதித்த பிறகு, யோகத்தைவிட இதையே முதலில் சொல்வேன். ஆனால் தியானத்தை இதில் தேடாதீர்கள். மனசை அடக்க இதைப் படைக்கவில்லை.

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு யோகமும் பிலாட்டீஸும் ஓரளவு உதவுகின்றன என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இவை மருந்தோடு துணை நிற்பவை, மாற்று அல்ல. கண்ணழுத்த நோய் உள்ளவர் தலைகீழ் ஆசனங்களைத் தொடவே கூடாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர் முன்னால் ஆழமாக வளைவதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு நடையும் எடை தூக்குவதும் இவற்றைவிட அவசியம்.

முதல் நாள் உங்கள் வயதையும் பழைய நோயையும் விசாரிக்காமலேயே சிரசாசனத்துக்குச் சுவரைக் காட்டுகிற ஆசிரியரிடம் மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டீர்களா? போனது பணத்தோடு போகட்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள்.