மேட்டூர் நீரும் நெல்லின் தேவையும்



மேட்டூரில் நீர்மட்டம் 120 அடியை எட்டியது என்ற செய்தி வந்ததும் காவிரிப் படுகையின் உழவர் முகம் மலர்கின்றது. அணை நிரம்பிவிட்டது, இனிக் கவலை ஏது என்று நாமும் எண்ணிவிடுகிறோம். அது சரிதானா என்று சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம்.

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழுக் கொள்ளளவு 9,347 கோடி கன அடி. வினாடிக்கு 15,000 கன அடி வீதம் திறந்துவிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 கோடி கன அடி வெளியேறும். 72 நாட்களில் அணை வறண்டுவிடும்! பாசனக் காலமோ வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை, அதாவது 231 நாட்கள். எஞ்சிய நாட்களுக்குக் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையும், பின்னர் வயலிலேயே பெய்யும் வடகிழக்குப் பருவமழையுமே துணை.

நெற்பயிரோ எந்நாளும் ஒரே அளவு நீர் கேட்பதில்லை. சேற்றுழவுக்கு மிகுதியாக வேண்டும். ஊரார் ஆளுக்கொரு வாரத்தில் உழுதால் வாய்க்கால் ஓயாமல் ஓடவேண்டியதுதான். ஒன்றாக நாற்றுவிட்டு ஒன்றாக நட்டால் நீர் மிஞ்சும். வேர் பிடித்தபின், தேங்கிய நீர் வடிந்த பிறகு மறுமுறை பாய்ச்சினாலும் பயிருக்குக் கேடில்லை. ஆனால் கதிர் உருவாகிப் பூக்கும் நாட்களில் வயல் காய்ந்தால் மணிகள் பதராகிவிடும். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்னரோ நீரை வடித்துவிட வேண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை அடைய மூன்று நாட்களுக்குமேல் ஆகிறது. ஐப்பசியில் தஞ்சையில் திடீரென மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே அணையை அடைத்தாலும், முன்பே புறப்பட்ட நீர் வந்தே தீரும். வேண்டாத நீரைக் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு அனுப்ப நேரிடும். நீரை ஆள்பவர் இன்றைய வயலைப் பார்த்தால் போதாது. மூன்று நாட்களுக்கு அப்பால் உள்ள வானத்தையும் பார்க்கவேண்டும். எளிய வேலையா அது?

நீர் குறையும் ஆண்டில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறைவைத்து விடுவர். தலைமடைக்காரர் முறை முடிந்தும் மடையை அடைக்காவிடில், கடைமடைக்கு முறை வந்தும் நீர் வாராது. அங்குள்ளவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சம். நான் யாரைக் குறை சொல்ல? தன் பயிர் வாடக்கண்டு மடையை அடைக்க எவருக்கும் மனம் வாராது.

2022-இல் வரத்து மிகுந்ததனால் மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் ஜூன் 12-இல் முறைப்படி திறந்தார்கள். எதிர்பார்த்த வரத்து இல்லை. அக்டோபரிலேயே பாசனத்துக்கான நீர் நிறுத்தப்பட்டது. சம்பாவுக்கு நீண்ட நாட்கள் எஞ்சியிருந்தன. சிலர் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பினர். மற்றவர் வடகிழக்கு வானத்தை நோக்கியிருந்தனர்.