பள்ளிப் பிள்ளைகளும் கிட்டப்பார்வையும்

(தெள்ளாரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தெள்ளாரைச் சூழ்ந்த ஊர்களும் ஆரணிப் பகுதியும் உழவுக்கும் பட்டு நெசவுக்கும் பெயர் பெற்றவை. அறுந்த பட்டிழையைக் கண்டு பிணைக்கும் நெசவாளிக்குக் கண்ணின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் அத்தகைய இல்லத்திலேயே ஒரு பிள்ளையின் பார்வைக் குறை பல ஆண்டுகள் அறியப்படாமற் போவதுண்டு. காரணம் எளிது. கிட்டப்பார்வை உடைய பிள்ளை ஊசியில் நூல் கோக்கும். அரிசியிற் கல் பொறுக்கும். சிற்றெழுத்தையும் தடையின்றிப் படிக்கும். கரும்பலகை எழுத்து மட்டுமே அதற்குத் தெளியாது. ஆகவே வீட்டில் குறை வெளிப்படுவதில்லை. பள்ளியிலோ அது 'கவனமின்மை' என்றும் 'மந்தம்' என்றும் பெயர் பெறுகிறது. உலகம் எல்லார்க்கும் இவ்வாறே மங்கலாகத் தெரியும் என்று எண்ணும் பிள்ளை, தன் குறையைச் சொல்லவும் அறியாது.

இக்குறை எவ்வாறு தோன்றுகிறது? வளரும் பருவத்தில் விழிக்கோளம் அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையின் மீது குவியாமல் அதற்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. வளர்ந்தோர் விழியின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மிகுந்தாலே பார்வை பெரிதும் மங்கும். குழிவில்லைக் கண்ணாடி ஒளியை உரிய இடத்திற் சேர்க்கும். ஆனால் நீண்ட விழியைச் சுருக்காது. குறை மிக முற்றினால் பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், கண்ணழுத்த நோய் முதலிய இடர்கள் நேரும் வாய்ப்பு மிகும்.

தமிழகத்தில் சங்கர நேத்ராலயா சார்ந்த ஆய்வாளர் 14,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குக் கிட்டப்பார்வை இருக்கக் கண்டனர். தில்லிப் பள்ளிகளில் நிகழ்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு 13.1 விழுக்காடு என்றது.

பெற்றோர் வழி வரும் மரபும் ஒரு காரணமே. அதுவே முழுக் காரணம் அன்று. 2008இல் வெளியான ஆய்வொன்று, சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டது. ஆறேழு வயதினரான அவர்களுள் சிங்கப்பூரில் 29.1 விழுக்காட்டினர்க்கும், சிட்னியில் 3.3 விழுக்காட்டினர்க்கும் குறை இருந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வாரத்தில் ஏறத்தாழ 3 மணி நேரமே வெளியில் இருந்தனர். சிட்னிப் பிள்ளைகளோ 13 மணி நேரத்துக்கு மேல். சீனத்துக் குவாங்சௌ நகரில் சில தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிவகுப்பு சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் அப்பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினர்க்கும், ஏனைய பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினர்க்கும் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. வகுப்பறை வெளிச்சத்தினும் பன்மடங்கு மிகுந்தது திறந்தவெளி வெளிச்சம். மரநிழலிலும் அது வகுப்பறையினும் மிகுதியே. அவ்வொளி விழியின் மிகை வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது அறிஞர் கருத்து. விளையாட்டு நேரத்தைப் பறித்துத் தனிப்பயிற்சிக்குக் கொடுப்போர் இதனை எண்ணுதல் வேண்டும்.

கண்ணைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் பல. கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் குன்றும் என்பர். அணிந்தாலும் அணியாவிடினும் வளரும் வயதில் குறை கூடக்கூடும். அணியாத பிள்ளை கல்வியையும் சேர்த்து இழக்கிறது. கேரட் உண்டால் கண்ணாடி கழன்றுவிடும் என்பர். வைட்டமின் ஏ குறைவால் வருவது மாலைக்கண், கிட்டப்பார்வை அன்று. மாலைக்கண்ணைத் தடுக்கவும் கேரட் ஒன்றே வழியன்று. நிலத்தடியில் விளைவனவற்றை விலக்கும் இல்லங்களுக்கு முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாம்பழமும் பரங்கியும் உள்ளன. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு இவற்றைக் கண்ணில் விடுதல் கேடு; கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம்.

கண்ணாடி கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததா? புனேயைச் சார்ந்த சிற்றூர்ப் பள்ளிகளில் கண்ணாடி பெற்ற பிள்ளைகளைப் பின்னர்ச் சென்று பார்த்தபோது, நூற்றுக்கு முப்பதின்மரே அதனை அணிந்திருந்தனர். உடைந்தது, தொலைந்தது, தோழர் கேலி செய்தனர் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். பெண்பிள்ளையாயின் திருமணம் தடைப்படும் என்னும் அச்சமும் சில இல்லங்களில் உண்டு. பார்வை தெளிந்து படித்த பெண்ணைவிடப் படிப்பை இழந்த பெண்ணுக்கு வாழ்வு எளிதாகிவிடுமா? பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

1976இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்தது. 2009இல் தமிழக அரசு தொடங்கிய 'கண்ணொளி காப்போம்' திட்டம், பள்ளி மாணவர்க்குக் கண் சோதித்து விலையின்றிக் கண்ணாடி வழங்க வழிசெய்தது. வாய்ப்புகள் உள்ளன, பயன்படுத்துவோரே வேண்டும்.

பள்ளியிற் சேர்க்கும் முன்பே ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பிள்ளையின் கண்ணைச் சோதித்தல் நலம். ஒரு கண் மட்டும் மங்கியிருப்பின் இளமையிலேயே கண்டறியாவிடில் அக்கண் நிலையாகச் செயல் குன்றிவிடும். கண்ணை இடுக்கிப் பார்த்தல், தொலைக்காட்சியை நெருங்கி அமர்தல், அடுத்த மாணவன் ஏட்டைப் பார்த்து எழுதுதல் ஆகியவை அடையாளங்கள். புத்தகம், முழங்கையிலிருந்து கைமுட்டி வரையுள்ள தொலைவில் இருக்கட்டும். கைப்பேசி குறையட்டும். பள்ளி நேரத்தையும் சேர்த்து நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் பிள்ளை வெளியில் இருக்கட்டும்.

வறிய பிள்ளைக்குக் கண்ணாடி அளிப்பது ஔஷத தானம். அதனால் அப்பிள்ளை படிப்பதால் அது சாஸ்திர தானமும் ஆகும். இவ்விழாவுக்கு வந்துள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையோடு அண்டை வீட்டுப் பிள்ளை ஒன்றையும் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாயின், அடுத்த ஆண்டு இவ்வூர்ப் பள்ளிகளில் 'மந்தம்' என்று பெயர் பெறும் பிள்ளைகள் குறைவர்.