பதறாத காரியம் சிதறாது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், பிளாஸ்டிக் குருணை தயாரிக்கும் குழுவினர் பேசியது)



நாங்கள் பால் கவர், உடைந்த குடம், பக்கெட் எல்லாம் சேகரித்து, கழுவிக் காயவைத்து, மிஷினில் உருக்கிக் குருணையாக்கி விற்கிறோம். லாபக் கணக்கு சொல்வதற்காக இன்று வரவில்லை. எங்களுக்கு நடந்த ஒரு விபத்தைச் சொல்ல வந்திருக்கிறோம். இதே தொழிலைத் தொடங்க இரண்டு, மூன்று குழுக்கள் ஆசைப்படுவதாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் கட்டாயம் கேட்கணும்.

மிஷின் வேலை செய்வது இப்படித்தான். நீளமான இரும்புக் குழாய்க்குள் ஒரு ஸ்குரூ சுற்றும். வெளியே சுற்றிலும் ஹீட்டர். உருகின பிளாஸ்டிக்கை ஸ்குரூ முன்னால் தள்ளும். அது கம்பி வலையில் வடிந்து, 'டை' என்கிற முனையின் ஓட்டைகள் வழியாக இடியாப்பம் மாதிரி வெளியே வரும். நம் வீட்டு குக்கருக்குள்ளே இருக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோதான். இந்த மிஷினுக்குள்ளே 100 கிலோவுக்கு மேலும் ஏறும். வழி அடைத்தால் இன்னும் ஏறிக்கிட்டே போகும்.

அன்றைக்கு என்ன நடந்தது? கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் இறுகிப் போயிருந்தது. லோடு ஏற்ற வண்டி வந்து நிற்கிறது, கடன் தவணையும் நெருங்குது. குழாய் சூடாகிவிட்டது என்று அவசரமா மோட்டாரைப் போட்டோம். முனையில் இருந்த ஹீட்டர் எரிந்து போனதை யாருமே பார்க்கலை. பின்னால் உருகினது, முன்னால் கல்லாக நின்றது. ஆம்பியர் மீட்டர் முள் கடைசிக்குப் போனது. "நிறுத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் முனை பெயர்ந்து எதிர்ச் சுவரில் அடித்தது. கொதிக்கிற பிளாஸ்டிக் தெறித்து, எங்கள் சகோதரி ஒருவருக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. இரண்டு மாதம் அவங்க வேலைக்கு வரமுடியலை. குனிந்து முனையைப் பார்த்துக்கொண்டு யாராவது நின்றிருந்தால், இன்று இங்கே பேசியிருக்க மாட்டோம்.

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அழுத்தம் அளவுக்கு மீறினால் தானே கிழிந்து வழிவிடுகிற மெல்லிய உலோகத் தகடு ஒன்று மிஷினில் இருக்கணும். குக்கரில் சேஃப்டி வால்வு மாதிரி. நாங்கள் வாங்கினது பழைய மிஷின். அந்த ஓட்டையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. அது எதற்கு என்று நாங்கள் கேட்கவே இல்லை. தவறு எங்களுடையதுதான்.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பவை:

1. முனையை முதலில் சூடாக்குகிறோம், பிறகுதான் குழாயை. ஒவ்வொரு ஹீட்டரும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம்.

2. மீட்டர் காட்டுவது இரும்பின் சூடு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குச் சூடு ஏற நேரம் வேண்டும். அதனால் அளவு வந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்கிறோம். மோட்டாரை மெதுவாகத்தான் தொடங்குகிறோம்.

3. வலைக்கு முன்னால் அழுத்த மீட்டர் பொருத்தியிருக்கிறோம். எல்லை தாண்டினால் மோட்டார் தானே நிற்கும். கிழியும் தகட்டையும் புதிதாகப் போட்டுவிட்டோம். அதன் வாய் ஆள் நடமாடாத பக்கம் பார்த்திருக்கிறது.

4. மண் சேர்ந்தால் வலை அடைக்கும். அழுத்தம் ஏற ஆரம்பித்ததுமே வலையை மாற்றுகிறோம். மோட்டாரை நிறுத்தி, அழுத்தம் இறங்கிய பிறகே போல்ட்டைத் தொடுகிறோம். ஆவி அடங்காமல் குக்கரைத் திறப்போமா?

5. ஈரக் கவரைப் போடுவதில்லை, உள்ளே நீராவியாகும். பி.வி.சி. பைப் துண்டு கலக்காமல் பொறுக்குகிறோம். அது சூடு மிஞ்சினால் சிதைந்து அமில வாயு விடும், அழுத்தமும் கூடும்.

6. தொடங்கும்போது யாரும் முனைக்கு நேராக நிற்பதில்லை. முகக் கவசம், தோல் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

மீறிச் சுட்டுவிட்டால், 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிய்க்காதீங்க. மாவு, பேஸ்ட் எதுவும் தடவ வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அந்த அரை மணி நேரம் காத்திருந்திருந்தால் வண்டிக்காரர் கொஞ்சம் கோபித்திருப்பார், அவ்வளவுதான். இப்போது அந்தச் சகோதரி திரும்பவும் எங்களோடு வேலைக்கு வருகிறார். மோட்டார் சுவிட்ச் அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் "சரி" என்று சொல்லாமல் யாரும் அதைத் தொடுவதில்லை.

மிஷின் வாங்கப் போகிற குழுக்கள், விலை கேட்பதற்கு முன்னால் "அழுத்த மீட்டர் எங்கே, கிழியும் தகடு எங்கே?" என்று கேளுங்கள்.