பொட்டலம் போதாது, ரேஷன் கடைக்கு வாருங்கள்



கிறிஸ்துமஸ் வந்தால் நமக்கு ஏழைகள் ஞாபகம் வருகிறது. வேன் பிடிக்கிறோம், பிரியாணிப் பொட்டலம் கட்டுகிறோம், பேனருக்கு முன்னால் நின்று கொடுத்துவிட்டு வருகிறோம். டிசம்பர் 26ஆம் தேதி அந்தத் தெருவில் அடுப்பு எரிந்ததா என்று எவரும் போய்ப் பார்ப்பதில்லை. இதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

ஜார்க்கண்டில் சிம்டேகா என்றொரு மாவட்டம். அங்கே பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள். 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி சோறு கேட்டுக் கேட்டே செத்துப்போனாள் என்று பெற்ற தாய் சொன்னார். மலேரியா என்றார்கள் அதிகாரிகள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்த வீட்டு ரேஷன் அட்டையை ரத்து செய்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அரிசி இல்லை. பூஜை விடுமுறையில் பள்ளிக்கூடச் சோறும் நின்றுபோனது. அவர்கள் எந்த மதம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆலயங்கள் நிறைந்த மாவட்டத்தில் இது நடந்தது!

தமிழ்நாட்டில் அப்படியில்லை என்பீர்கள். எல்லாருக்கும் ரேஷன், சத்துணவு, காலைச் சிற்றுண்டி, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: ஐந்து வயதுக்குட்பட்ட நம் பிள்ளைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. அரிசி இருக்கிறது, பருப்புக்கும் முட்டைக்கும் காசில்லை. இதுவும் பசிதான்.

ஒரு நாள் காலையில் ரேஷன் வரிசையில் நின்று பாருங்கள். காலமெல்லாம் உப்பளத்தில் உழைத்த பாட்டியின் ரேகை மிஷினில் விழாது. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். அடுத்த விரல். அதுவும் விழாது. "நாளைக்கு வா பாட்டி" என்பார்கள். மறுநாள் அவரோடு யார் போவது?

சபை ஆத்துமாக்களைக் கவனிக்கட்டும், ரேஷன் விவகாரம் நமக்கெதற்கு என்கிறார்கள் சில பெரியவர்கள். ஐயா, அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேமில் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள். முறையீடு வந்தது. அப்போஸ்தலர்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அதில் ஒருவர் ஸ்தேவான். திருச்சபையின் முதல் இரத்தசாட்சி பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்டவர், ஐயா!

அரிசி கொடுத்து ஆள் பிடிக்கிறோம் என்ற பழிக்கு அஞ்சிச் சிலர் ஒதுங்குகிறார்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசியைத் தகுதியுள்ள குடும்பங்களின் உரிமையாக்கிவிட்டது. அரசு தரவேண்டியதை வாங்கத் துணைக்குப் போனால் அது எப்படி மதமாற்றமாகும்? பழிக்கிறவர்கள் பழித்துக்கொள்ளட்டும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஐயாயிரத்துக்குப் போகிறது, கைதட்டுகிறோம். பணம் கோபுரத்துக்கும் கிரானைட்டுக்கும் போகிறது. நம் பாட்டிமார் உலையில் போடுமுன் ஒரு கை அரிசியைப் பானையில் எடுத்துவைத்தார்களே, பிடியரிசி, அது அரைவயிறு உண்டவர்கள் கொடுத்தது. ஆலயத்தைப் பெருக்கும் அக்காவுக்கு நாம் தரும் சம்பளத்தில் அவர் பிள்ளைக்குத் தினம் ஒரு முட்டை கிடைக்குமா? முதலில் அந்தச் சம்பளத்தை உயர்த்துங்கள்.

இந்த வருஷ ஏலப் பணம் முழுவதும் பசிக்கென்று சேகரக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். வாலிபர்கள் ரேஷன் கடைக்குப் போய் அட்டை இல்லாதவர், ரேகை விழாதவர், பெயர் நீக்கப்பட்டவர் யாரென்று எழுதட்டும். அந்த நோட்டில் மதம் என்ற பத்தி வேண்டாம். மனுவோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போவோம். அங்கே நடக்காவிட்டால் மாநில உணவு ஆணையம் இருக்கிறது. பள்ளித் தாளாளர்கள் காலையில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தக் காலைச் சிற்றுண்டி உப்புமாவைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேலை தொடங்குகிறது. வருகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.