மலச்சிக்கலை அடக்கி வைக்காதீர்



வெளியே சொல்லப் பலரும் கூசுகின்ற ஒரு தொல்லையைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். அதுதான் மலச்சிக்கல். வாரத்திற்கு 3 முறைக்கும் குறைவாக மலம் கழிவதும், மலம் இறுகி வருத்துவதும் இதன் அடையாளங்களாகும்.

விடியுமுன் எழுந்து, ஒரு குவளை கோப்பியோடு பெரட்டுக்கு விரைகின்றோம். மலம் கழிக்கும் உணர்ச்சி எழுந்தாலும், மரம் சீவி முடியட்டும் என்று அடக்கிக்கொள்கின்றோம். வியர்வை பெருகியும், பாலை எடுத்து நிறுத்து முடிக்கும் வரை தண்ணீரை நினைப்பதில்லை. பெருங்குடலோ தங்கிய மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே, அடக்க அடக்க மலம் இறுகுகின்றது.

இதற்குரிய மருந்து பெரும்பாலும் நம் வீட்டிலேயே உண்டு. கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, வெதுவெதுப்பான நீர் அருந்துங்கள். சிறிது உணவு உண்டபின் அவசரமின்றிக் கழிவறைக்குச் செல்லுங்கள். உணவு வயிற்றை அடைந்ததும் குடல் அசையத் தொடங்குவது இயற்கை. நிரைக்குப் போகும்போது தண்ணீர்ப் புட்டியும் உடன் வரட்டும். நாளொன்றுக்கு 6 முதல் 8 குவளை நீர் தேவை. வெயிலில் உழைப்போருக்கு அதனினும் மிகுதியாக வேண்டும்.

சோறும் கருவாடும் மட்டும் போதா. முருங்கைக்கீரை, கங்கோங், பயறு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பழுத்த பப்பாளி, கொய்யா ஆகியவற்றுள் இரண்டையேனும் நாள்தோறும் உண்ணுங்கள். இவற்றிலுள்ள நார்ப்பொருள் நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். உலர்ந்த திராட்சையை இரவில் ஊறவைத்துக் காலையில் உண்பதும் நன்று. நார் உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும்.

பேதி மருந்தை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் விளக்கெண்ணெய் கொடுத்தல் ஆகாது. இரும்புச்சத்து மாத்திரையால் சிக்கல் நேர்ந்தால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் தாதியரிடம் கூறுங்கள்.

இறுதியாக ஒன்று. மலத்தோடு இரத்தம் கண்டால், மூலம்தானே என்று மறைத்துவிடாதீர்கள். காரணமின்றி உடல் மெலிந்தாலும், வழக்கம் மாறிச் சில வாரங்கள் நீடித்தாலும், உடனே அரசாங்க கிளினிக்கை நாடுங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, மலமும் காற்றும் அடைபட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பெருங்குடல் புற்றுநோய்க்கும் இவ்வறிகுறிகள் தோன்றலாம். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. வெட்கத்தினால் உயிரை இழக்கலாமா?

நாளைக் காலை ஒரு குவளை நீரோடு தொடங்குவோம்.