மூளைக்கு வெளியே பிறக்கும் நியூரான்கள்

கபால நரம்புகள் 12 இணை என்று நடத்துகிறோம். படத்தைப் பார்க்கும் பிள்ளைகள், அவை எல்லாம் மரக்கிளைபோல மூளையிலிருந்து முளைத்தவை என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் ஐந்தாம் நரம்பின் கதை வேறு.

அதைக் காட்டித் தருவது வரிக்குதிரை மீனின் கரு. கங்கைப் பகுதியின் இந்தச் சிறுமீனை 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்தார். இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடிபோல் தெளிவாகவும் இருக்கிறது. ஆகவே உயிரோடு வைத்தே நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

கருவின் தலைப்பகுதியில், புறப்படை சில இடங்களில் திட்டுத்திட்டாகத் தடிக்கிறது. அங்குள்ள சில செல்களில் நியூரோஜெனின்1 என்ற ஜீன் செயல்படத் தொடங்குகிறது. அவை நியூரான்களாகி, உள்ளே நகர்ந்து, கூட்டமாகச் சேர்கின்றன. அதுவே நரம்பு செல் திரள். நரம்பு முகட்டிலிருந்து துணைச் செல்களும் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு நியூரானும் தோலை நோக்கியும் மூளையை நோக்கியும் இழைகளை அனுப்புகிறது. ஒரு நாள் வயதுக் கருவைத் தொட்டாலே துடிக்கிறது! அந்த ஜீனைத் தடுத்தால் இந்த நியூரான்கள் உருவாவதில்லை.

எனவே இந்த நரம்பைக் கரும்பலகையில் வரையும்போது, முதல் புள்ளியை மூளைக்கு வெளியே வையுங்கள். அதிலிருந்து ஒரு கோடு தோலுக்கு, ஒரு கோடு மூளைக்கு. பிள்ளைகள் தாங்களே ‘ஏன்?’ என்று கேட்பார்கள். பாடம் அங்கே தொடங்கட்டும்.